சிவப்பு காட்டியும் நிக்காத வண்டி

எங்க பென்னலூர் தெருவுல வந்து அம்சவல்லி வூடு எதுன்னு கேட்டா யாரும் கதவு நம்பர் சொல்ல மாட்டாங்க. "மூணு சக்கர வண்டி நிக்கும் பாரு, வெளிச் செவுத்துல சுவிட்ச் போர்டு இருக்கும், அதான்"னு கை காட்டுவாங்க. நான் அதுக்குப் பக்கத்து வூடு. பேரு அமலா. கம்பெனிப் பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் சாப்பாடு போடற மெஸ் வெச்சிருக்கேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு சொல்லுவாங்க. சொல்றவங்க எல்லாம் என் சாம்பாரை ரெண்டு வாட்டி கேட்டு ஊத்திக்கினுதான் சொல்றாங்க, அதனால நான் கண்டுக்கறதில்ல.

அம்சாவுக்கு சின்ன வயசுலயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது காலு சூம்பிப் போச்சு. அம்மா இல்ல, போய்ச் சேந்து பல வருஷம் ஆச்சு. அப்பா சுப்பிரமணி, ஒரு கம்பெனி கேட்டுல செக்யூரிட்டி. பொண்ணை சைக்கிள் கேரியர்ல உக்கார வெச்சு பிளஸ் டூ வரைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கு இட்டுக்கினு போயி இட்டுக்கினு வந்த மனுசன். அதுக்கப்புறம் அவ வூட்டோட உக்காந்து தையல் மெஷினை மிதிச்சா. நல்ல காலை வெச்சு மட்டும் மிதிப்பா. ஜாக்கெட் தைப்பா, ஆனா அவகிட்ட அதிகமா வர்றது கம்பெனி யூனிஃபார்ம்தான். பேன்ட் நீளமா இருக்கு, இடுப்பு லூசா இருக்குன்னு தெருவுல இருக்கிற பொண்ணுங்க எல்லாம் கொண்டாந்து குடுக்கும். ஊரைச் சுத்தி கம்பெனி. காலைல பாத்தா பொண்ணுங்க கூட்டம் கூட்டமா பஸ்ஸுக்கு நிக்கும், அதுங்க போட்டுக்கினு இருக்கிற பேன்ட்டுல பாதி அம்சா கை பட்டதா இருக்கும். அவ மட்டும் ஜன்னல் வழியா பாத்துக்கினு இருப்பா. எனக்கு அதைப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்கும்.

அவ வெளிய போறதுன்னா ஒரு காரணம் வேணும். ஆஸ்பத்திரி, சர்ட்டிபிகேட் ஆபீஸு, நூல்கண்டு வாங்க, கோயிலு. "எங்க போற? எதுக்கு? யாரு கூட? எப்ப வருவே?"ன்னு அப்பா கேக்கற இந்த நாலு கேள்விக்கும் பதில் சொன்னாதான் வாசப்படி தாண்ட முடியும். அவங்கப்பா கெட்டவரு இல்ல. பயந்தவரு. ஒரு வாட்டி நானே கேட்டேன், "ஏன்டி, ஒரு நாளாவது சும்மா எங்கயாவது போயிருக்கியா?"ன்னு. "சும்மான்னா எப்படிக்கா போறது?"ன்னு திருப்பிக் கேட்டா. கேலி பண்றான்னு நெனச்சேன். இல்ல, நெசமாவே கேட்டிருக்கா.

வண்டி வந்தப்புறமும் அதே கதைதான். அரசாங்கத்துல குடுத்த பேட்டரி வண்டி அது. பழைய பேட்டரி இருந்தப்போ ஒரு நாளு நல்ல மழையில இருங்காட்டுக்கோட்டை பக்கம் சர்வீஸ் ரோட்டுல நின்னு போச்சு. பக்கத்துல கன்டெய்னர் லாரி சர்ரு சர்ருன்னு போவுது, இவ நனைஞ்சிக்கினு வண்டி மேலயே உக்காந்திருக்கா, போனும் தண்ணி பூந்து அணைஞ்சிடுச்சு. எங்க தெருவே பைக்கை எடுத்துக்கினு தேடிப் போச்சு. அன்னைலேந்து எங்க தெருவுக்கு ஒரு பழக்கம் வந்துச்சு. அம்சா வண்டி நிக்கறதை யாரு பாத்தாலும் அந்த செவுத்து சுவிட்சைத் தட்டி சார்ஜ் போட்டுட்டுப் போவாங்க. பால்காரர் போடுவாரு, தண்ணி கேன் போடற ஆளு போடுவாரு, எதிர் வூட்டு புருஷோத்தமன் பல்லு விளக்கிக்கினே வந்து போடுவாரு. யாரையும் கேக்கறது கிடையாது. பாசம்தான். ஆனா அந்தப் பாசம் என்ன பாடு படுத்துச்சுன்னு கேளுங்க.

என் மாடி ரூம்ல சந்தனமாரின்னு தூத்துக்குடிப் பக்கத்துப் பொண்ணு வாடகைக்கு இருக்கா. ஒரகடத்துல கார்களுக்கு ஒயர் கட்டற கம்பெனியில வேலை. அவதான் ஒரு நாளு வந்து சொன்னா, "ஏக்கா, எங்க கம்பெனியில உக்காந்துகிட்டே ஒயரு செக் பண்ணுத வேலைக்கு ஆள் எடுக்காங்க. அம்சாக்கா கை என்னா சுத்தம்! அவிய போனா ஒடனே எடுத்துருவாவ"ன்னு. அதே மாதிரி எடுத்தாங்க. இன்டர்வியூல ஒரு கத்தை ஒயரைக் குடுத்து தப்பு கண்டுபிடிக்கச் சொன்னாங்களாம். இவ குனிஞ்ச தலை நிமிராம எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கா. அடுத்த திங்கக்கிழமை ஜாயினிங். கம்பெனி பஸ்ஸு படி இவ இடுப்பு உசரம் இருக்கும், ஏற முடியாது. "சொந்த வண்டியில வாங்க, உள்ள நிறுத்திக்கலாம், ஆனா டைமுக்கு வந்துடணும். திங்கக்கிழமை வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம்"னு சொல்லிட்டாங்க.

அதுக்குத்தான் அவ தையல்ல சேத்து வெச்சதைப் போட்டு புது பேட்டரி மாத்துனா. ஸ்ரீபெரும்புதூர்ல பேட்டரி கடை வெச்சிருக்கிற ஜெபர்சன் வந்து மாட்டிக் குடுத்தான். பழசு ஆசிட் பேட்டரி, இது லித்தியம், ஒரகடம் போயிட்டு வர்றதுக்கு மேலயே தாங்கும்னு சொல்லிட்டுப் போனான்.

மறுநாளே அம்சா ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போயி அப்படியே கொஞ்சம் ஒரகடம் ரோட்டுல ஓட்டிப் பாத்தா. மீட்டர்ல அஞ்சு கட்டம் இருக்கும். அது மடமடன்னு கொறைஞ்சி சிவப்பு வந்து பீப் பீப்புன்னு கத்த ஆரம்பிச்சிடுச்சு. இவ பயந்து அப்பனுக்கு போன் பண்ண, அந்த மனுசன் மொபெட்ல கயிறோட போயி கட்டி இழுத்தாந்துட்டாரு. தெருவுல நுழையறப்போ அவரு முகம் பாக்கணுமே. தோத்தவன் முகம் இல்ல அது, "இது அவ்ளோ தூரம் தாங்காதுன்னு நான்தான் சொன்னேனே"ங்கற முகம்.

அம்சா ஜெபர்சனுக்கு போன் போட்டா. அவன் சொன்னது எனக்கே புரிஞ்சிடுச்சு. "அக்கா, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. மீட்டருக்குத்தான் புது பேட்டரி எவ்ளோ தாங்கும்னு தெரியாது, அது பழைய கணக்குலயே இருக்கு. முழுசா ஏத்துங்க. அப்புறம் வண்டி தானா நிக்கிற வரைக்கும் ஓட்டுங்க, சிவப்பு வந்தாலும் நிறுத்தாதீங்க. நின்னதும் கொஞ்ச நேரம் அப்படியே வுட்டுட்டு, மறுபடி முழுசா ஏத்துங்க. நடுவுல யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. அவ்ளோதான், மீட்டர் கத்துக்கும்."

யாரும் சுவிட்சைத் தொடக் கூடாதாம். எங்க தெருவுல!

அதை வுட பெரிய பிரச்சனை அவங்கப்பா. "நிக்கிற வரைக்கும் ஓட்டணுமா? வேணும்னே போயி நடு ரோட்டுல நிக்கணுமா?"ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டாரு. "நான் வேலைக்குப் போவாதன்னு சொல்லல அம்சா. மீட்டர் சொல்லட்டும். ஒரகடம் போனப்புறமும் பாதி இருக்குன்னு மீட்டர் சொல்லட்டும், நானே உன்னை அனுப்புறேன். அது சிவப்பு காட்டினா நீ வூட்டோட இரு. மீட்டரை நம்பாம யாரை நம்பறது?"

அம்சா உள்ள போயி மெஷினை மிதிச்சா. அந்த சத்தத்துலயே அவ கோவம் தெரிஞ்சிச்சு.

அடுத்த நாளு ஊருக்குள்ளயே சுத்திச் சுத்தி ஓட்டுனா. சிவப்பு வந்துச்சு, வுடல. மேல மேல ஓட்டுனா. தாகம் எடுக்குதுன்னு ஒரு நிமிசம் வூட்டு வாசல்ல நிறுத்தி, உள்ள போயி தண்ணி குடிச்சிட்டு வந்து பாத்தா சார்ஜர் லைட்டு எரியுது. ஷிஃப்ட் முடிஞ்சி வந்த சந்தனமாரி சிரிச்சிக்கினு நிக்கறா. "சார்ஜே இல்லாம கெடந்துச்சுக்கா, நாந்தான் போட்டேன்"ங்கறா. அம்சாவுக்கு அழுவறதா சிரிக்கறதான்னு தெரியல. திட்டவும் முடியாது, வேலை வாங்கிக் குடுத்தவளாச்சே. ஒரு நாள் போச்சு.

சரின்னு மறுபடி முதல்லேந்து. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுசா ஏறட்டும்னு போட்டு வெச்சா. காலைல பாத்தா பாதியில நிக்குது. சுவிட்ச் ஆஃப்பு. யாருன்னு கேட்டா புருஷோத்தமன் பேஸ்டு நுரையோட வந்து நிக்கறாரு. "நான்தாம்மா அணைச்சேன். ரொம்ப நேரம் போட்டா பேட்டரி வெடிச்சிடுமாம், வாட்ஸப்புல வந்து கீது. உன் நல்லதுக்குத்தான்."

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! அடுப்புல சோறு கொதிக்குது, அதை அப்படியே வுட்டுட்டு நடுத் தெருவுல வந்து நின்னேன். "ஏன்யா, உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லியா? ஒருத்தர் போடறீங்க, ஒருத்தர் அணைக்கறீங்க. இது இன்னா கோயில் மணியா, போறவன் வர்றவன் எல்லாம் ஆட்டிட்டுப் போவறதுக்கு? அவ திங்கக்கிழமை வேலைக்குப் போவணும். போவ முடியலைன்னா அந்த எடத்துல வேற ஒருத்தி உக்காந்துடுவா. அப்ப யாரு வந்து பதில் சொல்றது, உன் வாட்ஸப்பா?"

புருஷோத்தமன் வாயி நுரையை எங்க துப்பறதுன்னு தெரியாம முழுங்கிட்டாரு. நான் நேரா வூட்டுக்குப் போயி வாசல் பெருக்கற துடைப்பத்தை எடுத்தாந்து, சுவிட்சைப் போட்டு, அது மேல மாட்டுனேன். "இனிமே எவனாவது இதுல கை வெச்சான், துடைப்பத்தைத் தொட்டுத்தான் வெக்கணும்"னு சொல்லிட்டு வந்தேன். அன்னைக்குப் பூரா ஒருத்தர் கிட்ட வரலியே. பால்காரர் கூட ரோட்டோட அந்தப் பக்கம் போனாரு. சனிக்கிழமை முழுக்க ஏறி, அஞ்சு கட்டமும் ரொம்பி நின்னுச்சு.

மிச்சம் ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை.

நான் மாதா கோயில்ல முதல் பூசை முடிச்சிட்டு வந்து, பசங்களுக்கு பிரியாணியைக் கிண்டி மூடி வெச்சி, "நீங்களே போட்டுக்கோங்கடா, எலும்புக்கு அடிச்சிக்காதீங்க"ன்னு சொல்லிட்டு அம்சா வூட்டுக்குப் போனேன். அவ ரெடியா வண்டி மேல உக்காந்திருக்கா. அவங்கப்பா வாசல்ல நிக்கறாரு.

"நான் பின்னாடி வரேன்"ங்கறாரு.

"வேணாம்ப்பா. நாளைக்கு நான் வேலைக்குப் போனா தினமும் பின்னாடி வருவியா?"

"அதுக்கில்லம்மா..."

"அண்ணே, நான் அவ கூட உக்காந்துக்கினு போறேன், போதுமா?"ன்னு நான் ஏறுனேன். வண்டி ஒரு பக்கமா முனகிச்சு. அம்சா சிரிச்சிட்டா. "அக்கா, நீ உக்காந்தா சீக்கிரம் தீந்துடும்."

"தீரட்டுமே. தீக்கறதுக்குத்தானே போறோம்? என்னையும் சுமந்துக்கினு போய் வந்துட்டா, உன்னை ஒருத்தியை சுமக்கறது அதுக்கு ஒரு பெரிய வேலையா? வுடுடீ வண்டியை."

ஞாயித்துக்கிழமைங்கறதால ரோடு காலியா இருந்துச்சு. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரகடம் ரோட்டுல திரும்புனோம். ரெண்டு பக்கமும் கம்பெனி மதில், நடுவுல காத்து. அவ ஓட்டறதை நான் முதல் தடவை பின்னாடி உக்காந்து பாக்கறேன். தையல் மெஷின்ல கோடு புடிக்கற மாதிரியே நேரா ஓட்டறா, இப்படி அப்படி ஒரு ஆட்டம் கிடையாது. வல்லம் வர்றதுக்குள்ள கட்டம் ஒண்ணொண்ணா அவிஞ்சி சிவப்பு வந்துச்சு. பீப் பீப்புன்னு ஆரம்பிச்சிடுச்சு.

எனக்குப் பயம்தான். வெளிய காட்டிக்கல, சேலை முந்தானையை மட்டும் இறுக்கிப் புடிச்சிக்கினேன். "அம்சா, கத்துதுடி."

"கத்தட்டும்க்கா. அதுக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதைப் பாக்கத்தானே வந்தோம்"னா. அவ கை ஆக்சிலேட்டரை வுடல.

கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியைப் பாத்துட்டு மெல்லமா சொன்னா, "அக்கா, திரும்பிப் பாக்காத. எங்கப்பா பின்னாடி வர்றாரு."

சொன்னா கேக்கற ஜென்மமா நான்? ஒடனே திரும்பிட்டேன். ஒரு டிரெய்லர் லாரி நிக்குது, அது மறைவுல நம்ம சுப்பிரமணி அண்ணன் மொபெட்டு. ஹேண்டில்ல அந்தக் கயிறு சுத்தியிருக்கு. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சதும் டீக்கடைக்கு வந்த மாதிரி இறங்கி நிக்கறாரு. அங்க டீக்கடையே இல்ல!

"பாவம்டி"ன்னேன்.

"பாவம்தான். ஆனா நிறுத்த மாட்டேன்"னா.

பீப் பீப்புன்னு கத்திக்கினே ஒரகடம் மேம்பாலம் வந்துச்சு. அதையும் தாண்டி கம்பெனி கேட்டு வரைக்கும் போயிட்டோம். கேட்டுல ஒரு செக்யூரிட்டி, "இன்னாம்மா, இன்னைக்கு லீவாச்சே?"ன்னாரு. அம்சா நிமிந்து உக்காந்துக்கினு, "நாளைக்கு ஜாயினிங் சார். வழி பாத்துக்கலாம்னு வந்தேன்"னா. அவரு உள்ள சாய்தளத்தைக் கை காட்டி, "அந்தப் பக்கமா ஏத்திடு, படி ஏற வேணாம்"னு சொன்னாரு. அவ அந்த சாய்தளத்தையே ஒரு நிமிசம் பாத்துக்கினு இருந்தா. அப்புறம் வண்டியைத் திருப்புனா.

இப்பதான் உண்மையான பயம். போறதுக்கு வந்துடுச்சு, திரும்பணுமே! சிவப்புல வந்த தூரமே ரொம்ப. இன்னும் அத்தனை தூரம் போவணும். நான் மனசுக்குள்ள ஜெபமாலையை உருட்ட ஆரம்பிச்சேன். வல்லம் வந்துச்சு, நிக்கல. அதுக்கப்புறம் மேடு வந்துச்சு, கொஞ்சம் மெதுவாச்சு, நிக்கல. பீப் சத்தம் எங்களுக்குப் பழகிப் போச்சு, கிரிக்கெட் பாக்கறப்போ டிவில வர்ற விளம்பரம் மாதிரி காதுலயே வுழல. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல வந்ததும் அம்சா சத்தம் போட்டே சிரிச்சா. "அக்கா! பொய்யி! எல்லாம் பொய்யி! இத்தனை நாளா இந்த மீட்டர் என்னைப் பொய் சொல்லி ஏமாத்தியிருக்கு!"

நானும் கத்துனேன். இன்னா கத்துனேன்னு ஞாபகம் இல்ல. பைக்ல போன ஒருத்தன் திரும்பிப் பாத்தான், அவனுக்கும் சேத்து கையை ஆட்டுனேன்.

அப்பதான் கண்ணாடியைப் பாத்தா. "எங்கப்பாவைக் காணோம்க்கா."

நிறுத்திப் பாத்தோம். தூரத்துல ரோட்டோரமா ஒரு ஆளு மொபெட்டைத் தள்ளிக்கினு வர்றாரு. வெயில்ல, கழுத்துல துண்டு, ஹேண்டில்ல கயிறு. எனக்கு விசயம் புரியறதுக்குள்ள அம்சா வண்டியைத் திருப்பி அவரு கிட்ட போயிட்டா.

"இன்னாப்பா ஆச்சு?"

அவரு எங்களைப் பாக்கல. டேங்கைப் பாத்தாரு. "பெட்ரோல் தீந்துடுச்சு."

"எப்படித் தீந்துச்சு? பாக்கலியா?"

"எப்படிப் பாக்கறது? இதுல ஏது மீட்டரு?"

சொல்லிட்டு அவரே நின்னுட்டாரு. இத்தனை வருஷமா அந்த மொபெட்டை மூடியைத் தொறந்து ஆட்டிப் பாத்து ஓட்டற மனுசன். மீட்டரே இல்லாத வண்டியில நைட் ஷிஃப்டு, டே ஷிஃப்டு எல்லாம் போய் வந்தவரு. அன்னைக்குப் பொண்ணு வண்டி எப்ப நிக்கும், எப்ப நிக்கும்னு அதையே பாத்துக்கினு வந்ததுல தன் டேங்கை ஆட்டிப் பாக்க மறந்துட்டாரு.

எனக்கு சிரிப்பு பொத்துக்கினு வருது. வாயைப் பொத்திக்கினேன், முடியல. அம்சா சிரிக்கல. கையை நீட்டுனா.

"கயிறைக் குடுப்பா."

"எதுக்கு?"

"கட்டறதுக்குத்தான். பெட்ரோல் பங்க் வரைக்கும் இழுத்துக்கினு போறேன்."

"உன் வண்டியே சிவப்புல..."

"கயிறைக் குடுப்பா"ன்னா மறுபடியும். சத்தம் போடல. ஆனா அவ அப்படிப் பேசி நான் கேட்டதில்ல. அவரு மெல்ல ஹேண்டில்லேந்து கயிறைச் சுத்திச் சுத்திக் கழட்டிக் குடுத்தாரு. நானே இறங்கிக் கட்டுனேன். நான் நடந்து வரேன்டின்னு சொன்னதுக்கு, "நீ ஏறி உக்காருக்கா, நீ இல்லாம இன்னா ஊர்வலம்?"னா.

அப்படியே கிளம்புனோம். முன்னாடி பீப் பீப்புன்னு கத்திக்கினு சிவப்பு காட்டற வண்டியில அம்சவல்லி, பின் சீட்டுல நானு, பின்னாடி கயித்துல கட்டுன மொபெட்டு மேல முதுகை நேரா வெச்சிக்கினு சுப்பிரமணி அண்ணன். மெதுவாத்தான் போச்சு. ஆனா போச்சு. பங்க்ல இருந்த பையன் எங்களைப் பாத்துட்டு பேட்டரி வண்டிக்கு எப்படிப் பெட்ரோல் போடறதுன்னு முழிச்சான். "யாருக்குங்க பெட்ரோலு?"

"பின்னாடி வர்றவருக்கு"ன்னா அம்சா.

அண்ணன் பெட்ரோல் போட்டாரு. கயிறை அவுத்தாரு. அதைச் சுருட்டி அவரு வண்டியில வெக்கல. அம்சா வண்டியோட முன் கூடையில வெச்சாரு. "உன்கிட்டயே இருக்கட்டும்மா"ன்னாரு. எனக்கு அந்த இடத்துல கண்ணு கலங்கிடுச்சு. மறைக்கறதுக்கு இன்னா இருக்கு, அழுதுட்டேன்.

தெருவுக்கு வந்து சேந்தா இப்போ வேற பிரச்சனை. வண்டி நிக்க மாட்டேங்குது! நின்னாத்தானே மீட்டர் கத்துக்கும்? அம்சா தெருவுலயே சுத்த ஆரம்பிச்சா. சந்தனமாரியை ஏத்திக்கினு ஒரு ரவுண்டு, பசங்களை ஏத்திக்கினு ஒரு ரவுண்டு, புருஷோத்தமனைக் கூட ஏத்திக்கினு ஒரு ரவுண்டு. தெருவே வாசல்ல வந்து நின்னுச்சு. "நிக்குதா?" "இன்னும் இல்ல!" "நிக்குதா?" "இல்ல இல்ல!" ஒரு வண்டி ரிப்பேராவணும்னு ஒரு தெரு மொத்தமும் வேண்டிக்கினு நின்னதை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். கடைசியா தெருக் கோடியில இருக்கிற தண்ணி டேங்க் கிட்ட ஒரு முனகு முனகி, லைட்டெல்லாம் அணைஞ்சி, நின்னுச்சு.

கை தட்டு பாருங்க! விசில் அடிச்சாங்க. எல்லாருமா சேந்து வண்டியைத் தள்ளிக்கினு வந்தோம், அவளை மேல உக்கார வெச்சே. வூட்டு வாசல்ல வந்து நிறுத்துனதும் பால்காரரு பழக்க தோசத்துல சுவிட்சு கிட்ட கையைக் கொண்டு போயிட்டாரு.

"கையை எடு!"

சத்தம் போட்டது நான் இல்ல. சுப்பிரமணி அண்ணன். துடைப்பத்தைக் கையில எடுத்துக்கினு சுவிட்சுக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. "கொஞ்ச நேரம் அப்படியே இருக்கணும். ஜெபர்சன் சொல்லிருக்கான். நான் சொல்றப்போதான் போடணும். போட்டா நிறுத்தவே கூடாது." கேட்டுல உக்காந்து இத்தனை வருஷம் எத்தனையோ கம்பெனியைக் காவல் காத்தவரு, அன்னைக்குக் காத்த மாதிரி எதையும் காத்திருக்க மாட்டாரு. சாயங்காலம் அவரே சுவிட்சைப் போட்டாரு. டூட்டிக்கு லீவு சொல்லிட்டு, கட்டிலை வெளிய போட்டுப் படுத்துக்கினாரு. எங்க மாதா புண்ணியத்துல கரண்டும் போவல.

திங்கக்கிழமை காலைல அஞ்சு கட்டமும் பச்சையா நின்னுச்சு. அம்சா யூனிஃபார்ம் போட்டுக்கினு வெளிய வந்தா. நீல சட்டை, கருப்பு பேன்ட்டு. காலுக்கு ஏத்த மாதிரி ஒரு பக்கம் நீளம் கொறைச்சி அவளே தைச்சிக்கினது. ஊருக்கெல்லாம் தைச்சவ, அன்னைக்குத் தனக்குத் தைச்சிருந்தா. பஸ்ஸுக்கு நின்ன பொண்ணுங்க எல்லாம் ஓன்னு கத்துச்சுங்க. அவங்கப்பா கேட்டாரு, "போனதும் போன் பண்றியா?" "பண்றேன்ப்பா." அவ்ளோதான். மொபெட்டு பக்கமே அவரு போவல.

மதியம் பிரேக் வுட்டதும்தான் அவகிட்டேந்து போன் வந்துச்சு. என் மெஸ்ல உக்காந்து சாப்பிட்டுக்கினு இருந்தாரு. போனை வெச்சிட்டு, சோத்தைப் பிசையாம என்னைப் பாத்தாரு. "ஒரகடம் போயும் பாதிக்கு மேல இருக்காம் அமலா. மீட்டர் சொல்லுதாம்."

"இப்ப நம்பறீங்களா?"

"மீட்டரை இன்னா நம்பறது"ன்னாரு. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து."

சாயங்காலம் அவ வர்ற நேரத்துக்குத் தெருவே வெளிய நிக்குது. புருஷோத்தமன் கூட சட்டை போட்டுக்கினு வந்து நின்னாரு. தெரு முனையில வண்டி தெரிஞ்சிச்சு. அதே மாதிரி நேரா, ஆட்டம் இல்லாம வருது. அண்ணன் சுவிட்சு மேல கையை வெச்சிக்கினு தயாரா நிக்கறாரு. வந்தா. எங்க எல்லாரையும் பாத்து சிரிச்சா. நிறுத்துவான்னு பாத்தா, நிறுத்தல. எங்களைத் தாண்டிப் போறா!

"ஏய் அம்சா! வூடு இங்க இருக்கு! எங்க போற?"ன்னு அண்ணன் பதறிக் கத்துனாரு.

அவ திரும்பிப் பாக்காமலே கையைத் தூக்கி ஆட்டுனா. "இன்னும் ஒரு கட்டத்துக்கு மேல இருக்குப்பா!"

"அதுக்கு எங்க போற? எதுக்கு?"

தண்ணி டேங்கைத் தாண்டி வளையறப்போ அவ குரல் கேட்டுச்சு.

"சும்மாப்பா!"